உம்மாவின் அறை எங்கே?

சென்ற ரபீஉல் அவ்வல் மாதத்தில் ஒரு நாள் அஸருக்குப் பின், முன்னொரு காலத்தில் என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் வீடு தேடி வந்தார். வளைகுடா நாடொன்றில் பணிபுரிகிறவர். விடுமுறையில் ஊர் வந்திருந்தார். கையில் சுருட்டிய தாளொன்று இருந்தது. சிதம்பரத்துப் பொறியாளர் ஒருவர் வரைந்து தந்த வீட்டின் வரைபடம் அது. அதை என் முன் விரித்து வைத்து, "ஹஜ்ரத், கழிப்பறை கிப்லா பக்கம் வந்துவிட்டதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். வியாழக்கிழமை பழைய வீட்டை இடிக்க ஆள் வருகிறது" என்றார்.

நமது பரங்கிப்பேட்டைக்குக் கிப்லா நேர் மேற்கன்று. மேற்கிலிருந்து ஏறத்தாழ 20 பாகை வடக்கே சாய்ந்தது. வரைபடத்தில் அந்தக் கோட்டை இழுத்துப் பார்த்தேன். குற்றமில்லை. குற்றமிருந்திருப்பினும் பெரிதாகக் கலங்க வேண்டியதில்லை. கட்டடத்தின் உள்ளே அமைந்த கழிப்பறைக்கு அந்தத் தடை பொருந்தாது என்பதே ஷாஃபிஈ இமாமவர்களின் முடிபு. ஹஃப்ஸா (ரலி) அவர்களின் வீட்டுக் கூரைமீது ஏறிய இப்னு உமர் (ரலி) தாம் கண்டதாக அறிவித்த செய்தி அதற்குச் சான்று. எனினும் தவிர்க்க முடிந்தால் தவிர்ப்பது பேணுதல். இதைச் சொல்லி முடிக்க அரை நாழிகைகூட ஆகவில்லை.

ஆனால் வரைபடத்தினின்றும் என் கண் அகலவில்லை. கீழே ஒரு குடியிருப்பு, மேலே ஒரு குடியிருப்பு. கீழ்த்தளம் மூத்த சகோதரிக்கு. மேல்தளம் நிக்காஹ் பேசி முடித்திருக்கும் இளைய சகோதரிக்கு. ஒவ்வொன்றிலும் கூடம், சமையலறை, குளியலறையோடு சேர்ந்த படுக்கையறைகள். வாசலில் கார் நிற்கவும் இடமிருந்தது. "உம்மா எங்கே படுப்பார்கள்?" என்று கேட்டேன். சற்றுத் தயங்கி, "லாத்தாவிடம் மூன்று மாதம், தங்கச்சியிடம் மூன்று மாதம்" என்றார். அவ்வம்மையாருக்கு மூட்டுவலி, படியேற இயலாது என்பது எனக்குத் தெரியும். "மனை யார் பெயரில் இருக்கிறது?" என்று அடுத்துக் கேட்டேன். "உம்மா பெயரில்தான். உம்மாவின் கல்யாணத்தில் அவர்கள் வாப்பா கொடுத்த வீடு" என்றார்.

சொந்தக்காரருக்கு மட்டும் இடமில்லாத ஒரு வீட்டின் வரைபடம் அது! அந்தப் பிள்ளை உம்மாவின் மீது பாசமற்றவர் அல்லர். இத்தனை இலட்சம் செலவிட்டுத் தாம் குடியிருக்கப் போகாத வீட்டைச் சகோதரிகளுக்காகக் கட்டுகிறார். பின் ஏன் இந்த விடுதல் நேர்ந்தது? இதை எண்ணியபோது, நமது கரையோர ஊர்களின் வீடு எவ்வாறு வளர்ந்தது என்ற வரலாற்றையே புரட்டிப் பார்க்க நேர்ந்தது. அதையே ஈண்டு எழுதுகிறேன்.

நான் பிறந்த வீடு இன்றில்லை. ஆனால் கண்ணை மூடினால் அதன் ஒவ்வொரு படியும் தெரிகிறது. தெருவில் திண்ணை. வழிப்போக்கரும் சந்தாக்காரரும் சிட்டைக் கணக்கோடு வருபவரும் அங்கேயே அமர்வர். தலைவாசலைக் கடந்தால் நடை. அதன் உள்வாயில் தலைவாசலுக்கு நேரே இராது. சற்று விலகியிருக்கும், தெருவில் நிற்பவர் பார்வை உள்ளே ஓடாதபடி. பிறகு ஆண்கள் அமரும் முன்கூடம். அதையடுத்து ஒரு திரை. திரைக்கு அப்பால் வானம் பார்த்த முற்றம், சுற்றித் தாழ்வாரம், தாழ்வாரத்தை நோக்கிய அறைகள். அறைகளுள் காற்றோட்டமான ஒன்று மணமான பெண்ணுக்கு. அடுத்த பெண்ணுக்கு மணமாகும்போது அடுத்த அறை. அதற்கும் பின்னே பின்கட்டு. அடுப்பங்கரை, கிணற்றடி, கொல்லை வாசல். பெண்கள் அண்டை வீடுகளுக்குப் போக்குவரத்து நடத்தியது அந்தக் கொல்லை வாசல் வழியாகத்தான். காயல்பட்டினத்தில் இதற்கென்றே வீடுகளினிடையே குறுகிய சந்துகள் உண்டு. அவற்றை முடுக்கு என்பர்.

எங்கள் பாட்டியாருக்கு இடம் பின்கட்டும் தாழ்வாரமும் கூடும் மூலை. அங்கிருந்து பார்த்தால் அடுப்பங்கரையில் என்ன கொதிக்கிறது என்பதும் தெரியும். முன்கூடத்துத் திரைக்கு இப்பால் யார் வந்து நிற்கிறார் என்பதும் தெரியும். எந்தப் பொறியாளர் வரைந்தார் அந்த மூலையை? ஒருவரும் வரையவில்லை. கொத்தனாரும் வீட்டுப் பெண்களும் சேர்ந்து, கயிறு பிடித்து, தரையில் சுண்ணாம்புக் கோடிட்டு அமைத்தது. கொத்தனார் தம் பங்குக்கு மனையடி சாஸ்திரம் என்று சொல்லி, அறையின் நீளம் இத்தனை அடி இருக்கலாம், இத்தனை அடி ஆகாது என்பார். நம்மவரும் மறுக்காமல் தலையசைப்பர். மார்க்கத்தில் இல்லாத அச்சம் அது. ஆயினும் இன்றும் சில வரைபடங்களில் ஓர் அடி கூடியும் குறைந்தும் இருப்பதன் காரணத்தை விசாரித்தால் அங்கே போய்த்தான் முடிகிறது.

நமதூர் வீட்டில் புழங்கும் சொற்களைக் கவனித்தால் ஊரின் கதையே தெரியும். சன்னல், சாவி, அலமாரி, மேசை ஆகிய அனைத்தும் போர்ச்சுக்கீசியர் விட்டுச் சென்ற சொற்கள். சன்னலுக்குத் தமிழில் முன்பே காலதர் என்றும் பலகணி என்றும் பெயருண்டு. காற்று வரும் வழி காலதர். பல கண்களையுடையது பலகணி. உள்ளிருப்பவர் வெளியே பார்க்கலாம், வெளியிலிருப்பவர் உள்ளே பார்க்க இயலாது என்ற நுட்பம் அந்தப் பெயரிலேயே அடங்கியிருக்கிறது.

வெள்ளாறு கடலொடு கலக்குமிடத்தில் அமைந்த இந்த ஊரைப் போர்ச்சுக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் புதுத்துறை என்னும் பொருளில் போர்ட்டோ நோவோ என்றனர். முஸ்லிம்கள் மஹ்மூது பந்தர் என்றனர். அடுத்த நூற்றாண்டில் டச்சுக்காரரும் டேனியரும் ஆங்கிலேயரும் இங்கு வந்து வணிகம் செய்தனர். ஆயினும் ஐரோப்பியர் பண்டகசாலைகளைக் கொண்டு மட்டும் இவ்வூரை அளப்பது பிழை. சோழமண்டலக் கரை வணிகத்தை ஆய்ந்த வரலாற்றறிஞர் சின்னப்பா அரசரத்தினம், 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 18ஆம் நூற்றாண்டிலும் அச்சே, கெடா முதலிய மலாய் உலகத் துறைகளுக்குத் துணி ஏற்றிச் சென்ற முஸ்லிம் கப்பல் முதலாளிகளின் முக்கியத் துறைகளுள் ஒன்றாகப் பரங்கிப்பேட்டையைக் காட்டுகிறார். 1781 சூலை 1இல் ஹைதர் அலியின் படையும் அயர் கூட்டின் படையும் இங்கே மோதியதைப் பள்ளிப் பிள்ளைகள் படிக்கின்றனர். கப்பல்கள் சென்றதைப் படிப்பதில்லை.

இந்தக் கப்பல்களுக்கும் வீட்டின் அறைகளுக்கும் என்ன தொடர்பு? ஒரு காற்றில் புறப்பட்டு மறு காற்றில் திரும்புவது அந்நாளைய கடல் வணிகம். சிலர் ஆண்டுக் கணக்கில் அங்கேயே தங்குவர். சிலர் திரும்பாமலே போவர். ஆடவர் இல்லாத வீட்டில், அதுவும் புதிதாக வந்த மாமியார் வீட்டில், ஓர் இளம்பெண் எப்படி இருப்பாள்? தாயோடும் சகோதரிகளோடும் அவளை இருத்தி, மாப்பிள்ளை அங்கே வந்து தங்கும் வழக்கம் இக்கரை நெடுகிலும் வேரூன்றியதற்கு இதுவே பெருங்காரணம் என்று நான் கருதுகிறேன். காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், நமதூர் என்று மரக்காயர் ஊர்கள் பலவற்றில் வீடு பெண்ணுக்குரியது. தமிழும் இதற்கு ஒத்து வருகிறது. இல்லாள் என்றால் வீட்டுக்குரியவள். இல்லான் என்றால் ஒன்றுமில்லாதவன்! நமதூர் மாப்பிள்ளைமாரை நோக்கினால் இச்சொல்லாட்சி பொய்யில்லை.

இது மலையாளக் கரையின் மருமக்கத்தாயம் அன்று என்பதையும் சொல்லவேண்டும். அங்கே ஒரு சாரார் மாப்பிளாக்களிடையே சொத்தே தாய்வழியில் இறங்கிற்று. அது ஷரீஅத்தின் பாகப்பிரிவினைக்கு மாறானதால், சென்னை மாகாண அரசு 1918இலும் 1939இலும் சட்டங்கள் இயற்றி அதைத் திருத்தவேண்டியிருந்தது. நம் கரையில் நடப்பது வேறு. இங்கே தகப்பனோ தாயோ தம் வாழ்நாளிலேயே மகளுக்கு வீட்டை ஹிபாவாக, அதாவது அன்பளிப்பாகக் கொடுத்துவிடுகின்றனர். அவர்கள் மறைந்தபின் எஞ்சியது ஃபராயிள் முறைப்படி பிரிகிறது. வழக்கமும் மார்க்கமும் முட்டிக்கொள்ளாமல் நம் முன்னோர் கண்ட வழி இது.

கடலுக்கு அப்பாலும் இந்த முட்டல் நிகழ்ந்தது. நம் கப்பல்கள் சென்ற அதே சுமத்ராத் தீவின் மேற்குப் புறத்தில் மினாங்கபாவ் மக்கள் வாழ்கின்றனர். முஸ்லிம்கள், ஆனால் தாய்வழி மரபினர். அவர்களுடைய ரூமா காடாங் என்னும் பெருவீட்டில் மணமான மகளிருக்கு ஒவ்வோர் அறை. கணவர் இரவில் வருவர். மணமாகாத வாலிபர் சுராவ் எனப்படும் தொழுகை இல்லத்தில் துயில்வர். அம்மண்ணிலே 1860இல் பிறந்து, மக்காவில் ஹரம் ஷரீஃபின் ஷாஃபிஈ இமாமாக விளங்கி, 1916இல் மறைந்த அஹ்மத் கதீப் அவர்கள், தம் மக்களின் வாரிசு முறையைக் கண்டித்து நூல் எழுதினார்கள். 1952இல் புக்கிட்டிங்கியில் கூடிய ஆலிம்களும் வழக்கறிந்த முதியோரும், தானே ஈட்டிய பொருள் ஃபராயிள்படி பிரியும், மூதாதையர் சொத்து மரபுப்படி நிற்கும் என்று இணங்கினர். நம்மவர் ஹிபாவால் முடித்ததை அவர்கள் நீண்ட வாதத்தால் முடிக்கவேண்டியிருந்தது.

அரபியில் வீட்டைக் குறிக்கும் சொற்கள் பல. இரவு தங்குதல் என்னும் பொருளுடைய வினையடியில் பிறந்தது 'பைத்'. சுற்றிவருதல் என்னும் அடியினின்றும் வந்தது 'தார்'. மக்கள் அதனுள் சுற்றி நடமாடுவதால் அப்பெயர் என்பர் அகராதி நூலார். ஆக, படுத்துறங்கும் ஓர் அறை பைத்; பல அறைகள் ஒரு முற்றத்தைச் சூழ நின்றால் தார். இக்காலத்து வரைபடங்களில் பைத்துகள் இருக்கின்றன, தாரைத்தான் காணோம்.

மதீனாவில் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் துணைவியர் வாழ்ந்த அறைகள் மிகச் சிறியவை. உஸ்மான் (ரலி) அவர்களின் கிலாஃபத் காலத்தில், சிறுவராக அவற்றுள் நுழைந்தபோது கையை உயர்த்திக் கூரையைத் தொட்டதாக ஹஸன் பஸரீ (ரஹ்) கூறினார்கள். ஹிஜ்ரி 88இல் (கி.பி. 707) கலீஃபா வலீதின் ஆணைப்படி பள்ளிவாசலை விரிக்க அவ்வறைகள் இடிக்கப்பட்டன. ஸயீத் இப்னுல் முஸய்யப் (ரஹ்) அவர்களோ, பின்வரும் மக்கள் கண்டு உணர அவற்றை அப்படியே விட்டிருக்கலாகாதா என்று வருந்தினார்கள். அந்த வீடுகளைத் திருக்குர்ஆன் அல்அஹ்ஸாப் அத்தியாயத்தில் ஓரிடத்தில் நபியின் வீடுகள் என்கிறது (33:53). மற்றோரிடத்தில் துணைவியரை நோக்கி, உங்கள் வீடுகள் என்கிறது (33:33). தலாக் பற்றிய அத்தியாயத்திலும் பெண்களை 'அவர்களுடைய வீடுகளிலிருந்து' வெளியேற்றலாகாது என்றே ஏவுகிறது (65:1). இது குடியிருப்பைக் குறிக்கும் சேர்க்கை, உடைமையைக் குறிப்பதன்று என்று விரிவுரையாளர் விளக்குவர். அது சரியே. எனினும் குடியிருப்பவளின் பெயரால் வீட்டை அழைத்த அந்த நடையை ஓதும்போதெல்லாம் என் நெஞ்சில் நம் கரையோர வீடுகளே தோன்றும்.

வீடு கட்டுவது அயலாரையும் தொடும் செயல். எகிப்தை வென்றபின் எழுந்த ஃபுஸ்தாத் நகரில் காரிஜா இப்னு ஹுதாஃபா (ரலி) மாடியறை ஒன்று கட்டினார்கள். செய்தி உமர் (ரலி) அவர்களுக்கு எட்டியது. ஆளுநர் அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களுக்கு அவர்கள் அனுப்பிய கட்டளையின் கருத்து இது: அவ்வறையின் சாளரத்தின் கீழே ஒரு கட்டிலை இடவேண்டும், நெட்டையும் குட்டையும் அல்லாத ஒருவரை அதன்மேல் நிறுத்தவேண்டும், அவர் கண்ணுக்கு அண்டை வீட்டார் தென்படுவராயின் அதைத் தடுத்துவிட வேண்டும். வாதமில்லை, வழக்கில்லை, ஒரு கட்டிலும் ஓர் ஆளும்! இன்று மேல்தளம் கட்டும் நம்மவர் எத்தனை பேர் அடுத்த வீட்டுக் கிணற்றடியை எண்ணிச் சன்னல் வைக்கின்றனர்?

இனி, என் மாணவரின் வரைபடத்துக்கு நேரே பொருந்தும் ஒரு செய்தி. இலங்கையின் கிழக்குக் கரையில் காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று முதலிய ஊர்களின் முஸ்லிம்களிடத்தும், அவர்களை அடுத்து வாழும் தமிழரிடத்தும் மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் உண்டு. அதை நெடுங்காலம் ஆய்ந்த அமெரிக்க மானிடவியலார் டென்னிஸ் மெக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். அங்கே மூத்த மகளுக்கு மணமானால் பெற்றோர் தாம் வாழ்ந்த வீட்டையே அவளுக்கு விடுவர். சிலகாலம் சேர்ந்திருந்து, பின் இளைய பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அருகிலேயே கட்டிய சிறியதொரு வீட்டுக்குப் பெயர்வர். நாளடைவில் அதுவும் அடுத்த மகளுக்காகும். ஆக, தாம் எங்கே போவோம் என்பதையும் சேர்த்தே அவர்கள் வீடு கட்டுகின்றனர்.

2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கி அவ்வூர்களின் ஆயிரக்கணக்கான வீடுகளை வாரிச் சென்றது. நம் கடலூர் மாவட்டக் கரையும் அன்று பட்ட துயரை நாமறிவோம். இலங்கையில் அரசும் உதவி நிறுவனங்களும் 500 சதுர அடி அளவில் வீடுகள் கட்டித் தந்தன. நல்ல காரியம். ஆனால் உரிமைப் பத்திரம் குடும்பத் தலைவர் பெயருக்கு என்றனர்; குடும்பத் தலைவர் என்றால் பெரும்பாலும் ஆண் என்று கொண்டனர். தாய் கொடுத்த வீட்டை இழந்த பெண், புதிய வீட்டில் கணவரின் வீட்டில் குடியிருப்பவளாக ஆனாள். கடல் சுவர்களைத்தான் கொண்டுபோயிற்று. உரிமையைக் கொண்டுபோனது ஒரு படிவத்தின் கட்டம்.

மாணவரிடம் நான் சொன்னது ஹிபாவைப் பற்றியே. கொடுத்தேன் என்ற சொல், ஏற்றேன் என்ற சொல், கைவசம் ஒப்படைத்தல் ஆகிய மூன்றும் கூடினால்தான் ஹிபா நிறைவேறும். ஷாஃபிஈ நூல்களில் வீட்டை ஒப்படைப்பது என்றால் கொடுப்பவரின் சாமான்களை அகற்றிக் காலி செய்து கொடுப்பது. இந்த நாட்டுச் சட்டமும் முஸ்லிம்களின் ஹிபாவைப் பத்திரப் பதிவுக்குள் கட்டிப்போடவில்லை; 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 129ஆம் பிரிவில் அதற்கு விலக்களித்திருக்கிறது; உச்ச நீதிமன்றமும் 2011இல் அதை உறுதி செய்தது. பிரிக்கப்படாத பொதுப்பங்கை அன்பளிப்பாகக் கொடுப்பது ஷாஃபிஈ மத்ஹபில் கூடும். பிரிக்கத்தக்க சொத்தில் அது ஹனஃபீ மத்ஹபில் செல்லாது. நமதூரில் இரு மத்ஹபினரும் சம்பந்தம் செய்துகொள்கிறோம். ஆகவே எந்தச் சுவர்வரை யாருடையது என்று வரைபடத்திலேயே கோடு தெளிவாக இருப்பது பின்னால் வரும் வழக்கைத் தடுக்கும். இவர் தம் பணத்தால் உம்மாவின் மனைமீது கட்டுகிறார். அந்தப் பணம் அன்பளிப்பா, கடனா? எழுதிவைக்காவிட்டால் இவர் பிள்ளைகளும் சகோதரிகளின் பிள்ளைகளும் நாளை அதை ஜமாஅத்தின் முன் கொண்டுவந்து நிறுத்துவர். நான் பார்த்த வழக்குகளில் பாதி இவ்வகையின.

மற்றொன்றும் சொன்னேன், அது அவருக்குக் கசந்தது. தன் மகனுக்கு மட்டும் ஒரு கொடையளித்து, அதற்கு அண்ணலாரைச் சாட்சியாக்க வந்த பஷீர் (ரலி) அவர்களிடம், எல்லாப் பிள்ளைகளுக்கும் இதுபோல் கொடுத்தீரா என்று நபியவர்கள் வினவியதும், இல்லையென்றதும் சாட்சியாக மறுத்ததும் ஹதீஸில் உண்டு. பெண்ணுக்கு வீடு, ஆணுக்கு மாமியார் வீடு என்று நம்மவர் சொல்லும் சமாதானம் முழுமையானதன்று. மாமியார் வீட்டில் அவனுக்குப் பாய் உண்டு, பாகமில்லை. அத்துடன், மனைவிக்கு உறைவிடம் தருவது கணவன்மேல் கடமை என்பது ஃபிக்ஹு நூல்களின் ஒருமித்த கூற்று. தாய் மனமுவந்து மகளுக்குக் கொடுக்கும் வீடு அவளுக்கு ஓர் அரண். அதையே மாப்பிள்ளை வீட்டார் நிபந்தனையாக்கிக் கேட்டுப் பெற்றால் அதற்கு வேறு பெயர். தனிக் குடியிருப்பு இல்லாமல் நிக்காஹ் இல்லை என்று இளைய தங்கையின் சம்பந்தியார் சொல்லியிருந்தனராம். அதனால்தான் முற்றமும் போயிற்று, பின்கட்டும் போயிற்று, உம்மாவின் மூலையும் போயிற்று.

வியாழக்கிழமை ஆட்கள் வந்தனர். ஆனால் ஓடு மட்டும் இறக்கினர். அதற்கு முன்தினம் அந்த அம்மையார் திரைக்குப் பின்னிருந்து என்னிடம் பேசினார்கள். கீழ்த்தளத்தையும் மேல்தளத்தையும் இரு மகளிருக்கும் தனித்தனியே ஹிபா செய்வதாகவும், தெருப்பக்கமாக ஓர் அறையையும் அதனோடு சேர்ந்த கழிப்பறையையும் தம் பெயரிலேயே வைத்துக்கொள்வதாகவும் சொன்னார்கள். அவ்வறை அவர்களுக்குப் பின் மூன்று மக்களுக்கும் ஃபராயிள்படி சேரும். மகனுக்கு அதில் பாதி, மகளிருக்குக் கால் கால். கார் நிற்கும் இடம் அந்த அறையாயிற்று. வீட்டுக்குள்ளே செல்ல ஒரு கதவும், நேரே தெருவுக்கு ஒரு கதவும் கேட்டார்கள்.

இன்னொன்றும் கேட்டார்கள். பழைய வீட்டின் தலைவாசல் நிலையை விற்றுவிடாமல் தம் அறைக்கு வைக்கவேண்டும் என்று. பர்மாத் தேக்கு, அவர்கள் வாப்பா ரங்கூனிலிருந்து கொண்டுவந்தது. அளந்து பார்த்தபோது இக்காலக் கதவைவிட ஒரு சாண் உயரம் குறைவாக இருந்தது. பொறியாளர் அதற்கேற்ப அந்தச் சுவரை மட்டும் திருத்தி, வேறு தாளில் வரைந்து அனுப்பியிருக்கிறார்.